நாஃப்பிலியோவில் தங்கி மைசீனியையும் எப்பிடாரஸையும் பார்ப்பது எப்படி

ஏதென்ஸிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகளில் பல, காலையில் ஒரு பழங்கால இடம், பிற்பகலில் இன்னொன்று என்று திட்டம் போட்டுக்கொண்டு, இடையில் சாப்பாட்டுக்காக மட்டும் நாஃப்பிலியோவில் சற்று நேரம் நிற்கின்றன. இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பெலொப்பொனீஸ் தீபகற்பத்தில், ஆர்கோலிஸ் வளைகுடாவின் கரையில் இருக்கும் இந்தச் சிறிய துறைமுக ஊரில் மூன்று இரவாவது தங்கிக்கொண்டு, இடிபாடுகளுக்கு இங்கிருந்து அதிகாலையில் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். டிரின்ஸ் கோட்டை 4 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பழங்காலக் கோட்டை நகரமான மைசீனியும், பெரிய கல் அரங்கத்துக்குப் பேர்பெற்ற எப்பிடாரஸும் ஆளுக்கொரு திசையில் முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. தலைநகரிலிருந்து வரும் கூட்டம் வாசலில் இறங்கும் நேரத்தில் நீங்கள் பார்த்து முடித்திருப்பீர்கள் என்பதே இங்கே தங்குவதன் முதல் ஆதாயம்.

எப்போது போவது

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் வரையிலான காலமும் மிகவும் ஏற்றவை. ஏப்ரலில் போனால் ஆர்கோஸ் சமவெளியின் ஆரஞ்சுத் தோட்டங்கள் பூத்திருக்கும். பேருந்தின் சன்னல் வழியாகவே மணம் உள்ளே வரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிழலே இல்லாத பாறைக்குன்றுகளில் ஏறுவது நம் ஊர் வெயிலில் பழகியவர்களையும் சோர்வடையச் செய்யும். வெப்ப அலை வீசும் நாட்களில் அரசே தொல்லியல் இடங்களை நண்பகல் முதல் மாலை 5 மணி வரை மூடிவிடுவதுண்டு. குளிர்காலத்தில் ஊர் வெறிச்சோடியிருக்கும், அறை வாடகையும் குறைவு; ஆனால் பெரும்பாலான இடங்களைப் பிற்பகல் 3:30 மணியளவில் பூட்டிவிடுவார்கள் என்பதால் பகல் பொழுது சட்டென்று முடிந்துபோகும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசுத் தொல்லியல் இடங்களுக்கு நுழைவு இலவசம்.

ஜனவரி 1, மார்ச் 25, மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களிலும் கிரேக்க மரபுவழித் திருச்சபையின் ஈஸ்டர் ஞாயிறன்றும் எல்லாம் மூடியிருக்கும். அந்த ஈஸ்டர், மேற்குலக நாட்காட்டியின் ஈஸ்டரோடு எல்லா ஆண்டும் ஒத்துவருவதில்லை. பயணத் தேதியை உறுதி செய்யுமுன் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாஃப்பிலியோ ஏதென்ஸ்வாசிகளுக்கு வார இறுதி ஓய்விடம். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை காபிக் கடைகளில் நாற்காலி கிடைப்பதே அரிதாகிவிடும். அமைதியான ஊர் என்று கேள்விப்பட்டு வருபவர்கள் திங்கள் முதல் வியாழன் வரையிலான நாட்களைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த அமைதியைப் பார்க்க முடியும்.

விசாவும் வழியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பு என்பது விதி கூறும் கடைசி எல்லை என்றாலும், கோடைக்காலத்தில் நேர்காணல் நாள் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம்.

ஏதென்ஸின் கிஃபிஸோஸ் பேருந்து நிலையத்திலிருந்து ‘கேடெல்’ எனப்படும் வெளியூர்ப் பேருந்துகள் நாஃப்பிலியோவுக்குச் செல்கின்றன. கொரிந்த் கால்வாயைக் கடந்து, ஆர்கோஸ் வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரம் வரை ஆகும். பழைய வரைபடங்களில் நாஃப்பிலியோவுக்கு இரயில் பாதை காட்டியிருந்தால் அதை நம்ப வேண்டாம்; இங்கே வந்துகொண்டிருந்த குறுகிய பாதை இரயில்கள் 2011-இலேயே நின்றுவிட்டன. வாடகைக் காரில் வருவதாக இருந்தால், இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதால், விமானம் இறங்கிய அன்றே தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலைக்குள் நுழைவதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுங்கள். அக்ரோநாஃப்பிலியா குன்றின் அடிவாரத்து மேல்தெருக்களில் இருக்கும் விடுதிகளின் மாடத்திலிருந்து வளைகுடா முழுவதும் தெரியும். ஆனால் அங்கே தெரு என்பதே பல இடங்களில் படிக்கட்டுதான். சக்கரப் பெட்டி அங்கே உதவாது, தோளில் மாட்டும் பைதான் உதவும். முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் சிந்தாக்மா சதுக்கத்தை ஒட்டிய சமதளத் தெருக்களில் அறை கேட்டு வாங்குவது நல்லது. காரைத் துறைமுக ஓரத்துத் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நடந்துதான் வர வேண்டும்.

ஊரைப் பார்ப்பது

முதல் நாளை ஊருக்கே கொடுத்துவிடுங்கள். ஒட்டோமான் ஆட்சியிலிருந்து விடுபட்ட கிரேக்கத்துக்கு 1834 வரை தலைநகராக இருந்தது இந்த ஊர்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தச் சில ஆண்டுகளின் தடயம் தென்படும். சிந்தாக்மா சதுக்கத்தின் மேற்குக் கோடியில் வெனிஸ்காரர்கள் 1713-இல் கட்டிய கிடங்கு இன்று தொல்லியல் அருங்காட்சியகம். அதற்குச் சற்றுப் பின்னால், புதிய நாட்டின் சட்டமன்றம் கூடிய பழைய மசூதி இருக்கிறது. பளிங்குக்கல் பாவிய அந்தச் சதுக்கத்தில் மாலையானால் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள்; மழை பெய்தால் அதே தரை எண்ணெய் பூசியது போல வழுக்கும்.

சதுக்கத்திலிருந்து சில நிமிடம் ஏறினால் புனித ஸ்பிரிதோன் தேவாலயம் வரும். அளவில் மிகச் சிறியது. தேடிப் போகாவிட்டால் கண்ணில் படாமலே கடந்துவிடலாம். நவீன கிரேக்கத்தின் முதல் ஆட்சித்தலைவரான இயோன்னிஸ் கப்போடிஸ்ட்ரியாஸ், 1831 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டுக்கு வந்தபோது இதன் வாசலில்தான் கொல்லப்பட்டார். தங்கள் குடும்பத் தலைவரை அவர் சிறையிலிட்டதற்குப் பழிவாங்க, மாவ்ரோமிகாலிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் காத்திருந்து தாக்கினர். கதவோரச் சுவரில் தோட்டா பதிந்ததாகச் சொல்லப்படும் பள்ளத்தைக் கண்ணாடி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். விரல் நுனி நுழையும் அளவே இருக்கும் அந்தக் குழியின் முன் நின்றால், தெரு எவ்வளவு குறுகலானது, சுட்டவர்கள் எவ்வளவு அருகில் நின்றிருக்க வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும்.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால், டென்ட்ரா என்ற ஊரில் 1960-இல் கிடைத்த வெண்கலக் கவசம் ஒன்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முழுக் கவசம் அது. கழுத்துப் பட்டையும் தோள் தகடுகளும் இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்காகத் தொங்கும் வளையங்களும் உண்டு, உடன் காட்டுப்பன்றித் தந்தங்களால் ஆன தலைக்கவசமும் இருக்கிறது. இதை அணிந்துகொண்டு யாராலும் சண்டையிட்டிருக்க முடியாது, சடங்குக்கான பொருளாகத்தான் இருக்கும் என்று பலர் கருதிவந்தனர். 2024-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கிரேக்க மரைன் படைப்பிரிவு வீரர்கள் இதன் நகலை அணிந்து 11 மணி நேரம் போர்ப்பயிற்சி செய்துகாட்டிய பிறகு அந்தக் கருத்து வலுவிழந்தது. மைசீனிக்குப் போவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட்டால், அங்கே வெறும் கற்களாகத் தெரியும் இடத்தில் மனிதர்களையும் நிறுத்திப் பார்க்க முடியும். அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை, விடுமுறை.

ஊருக்கு மேலே 216 மீட்டர் உயரத்தில் நிற்கும் பலமிடி கோட்டையை 1711 முதல் 1714 வரையிலான குறுகிய காலத்துக்குள் வெனிஸ்காரர்கள் கட்டி முடித்தார்கள். மறு ஆண்டே ஒட்டோமான்கள் அதைப் பிடித்துவிட்டார்கள். ஊரிலிருந்து 999 படி என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணியவர்களின் கணக்கு அதைவிடக் குறைவாகவே வருகிறது. எனினும் கால்களுக்கு அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. படிக்கட்டு ஊரைப் பார்த்த சரிவில் இருப்பதால் காலையில் குன்றே அதற்கு நிழல் தரும். ஆகவே கோட்டை திறக்கும் நேரத்தில் மேலே இருக்கும்படி புறப்படுங்கள். படியேற முடியாதவர்கள் குன்றின் பின்புறச் சாலை வழியாக வாடகைக் காரில் நேரே வாசலுக்குப் போய், இறங்கும்போது மட்டும் படிகளைப் பயன்படுத்தலாம். விடுதலைப் போரின் பெருந்தளபதி கொலொகொத்ரோனிஸைத் தேசத்துரோகக் குற்றம் சாட்டிப் பின்னாளில் இங்கேயேதான் அடைத்து வைத்தார்கள். அவரை வைத்திருந்ததாகக் காட்டும் அறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும்.

கடல் நடுவே தெரியும் பூர்ட்சி என்ற சிறு கோட்டைக்குத் துறைமுகத்திலிருந்து படகு போகும். கரையிலிருந்து பார்க்கும் அழகு அருகில் போனால் கூடுவதில்லை. நேரம் குறைவானவர்கள் விட்டுவிடலாம்.

கோடையில் பிற்பகல் 3 மணி முதல் 5:30 வரை சட்டப்படியே ஓய்வு நேரம். சத்தமாகப் பேசுவதும் பாட்டு வைப்பதும் அப்போது கூடாது. ஊர்க்காரர்கள் செல்லும் கடைகள் பலவும் மூடியிருக்கும். இந்த நேரத்தில் அறையில் படுத்து உறங்குவதோ, அக்ரோநாஃப்பிலியாவுக்குப் பின்னால் இருக்கும் அர்வனிதியா கூழாங்கல் கரையில் கடலில் இறங்குவதோதான் இங்கத்திய வழக்கம். மணல் கரை வேண்டுமென்றால் அங்கிருந்து கடலோரப் பாதையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்து கரத்தோனாவுக்குப் போகலாம். ஆழம் குறைவான நீர் என்பதால் குழந்தைகளோடு வருபவர்களுக்கு அது ஏற்றது.

மைசீனி

நாஃப்பிலியோவிலிருந்து மைசீனிக்கு நாளொன்றுக்குச் சில பேருந்துகள் மட்டுமே உண்டு. அவற்றுள் எது கோட்டை வாசல் வரை போகிறது, எது நெடுஞ்சாலையில் இருக்கும் ஃபிக்தி என்ற சிற்றூரோடு நின்றுவிடுகிறது என்பதை முதல் நாள் மாலையே சீட்டு விற்கும் இடத்தில் கேட்டு, திரும்பும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஃபிக்தியில் இறங்கினால் மேட்டுப் பாதையில் நாலைந்து கிலோமீட்டர் நடக்க நேரிடும். மூன்று, நான்கு பேராகச் சென்றால், காத்திருந்து திரும்ப அழைத்துவரும்படி டாக்சி பேசிக்கொள்வதே மிச்சம்; பேசும்போதே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முழுத் தொகையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலை 8 மணிக்குத் திறந்தவுடன் நேராகக் கோட்டைக்குள் போய்விடுங்கள். கி.மு. 1250 அளவில் எழுப்பப்பட்ட சிங்க வாசலின் மேலே எதிரெதிராக நிற்கும் இரண்டு விலங்குகளுக்கும் தலை இல்லை. தலைகள் தனியாகச் செய்து பொருத்தப்பட்டிருந்து, பிறகு தொலைந்துபோயின. அந்தச் சிற்பம் இருக்கும் முக்கோணப் பலகை வெறும் அலங்காரமன்று: வாசலின் குறுக்குக்கல் மீது சுவரின் முழுப் பளுவும் இறங்காதிருக்க, மேலே முக்கோணமாக இடம் விட்டுக் கட்டி, அந்த இடைவெளியை மெல்லிய கல்லால் மூடியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வலப்புறம் வட்டமான கல்லறை வளாகம். 1876-இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் ஹைன்ரிஷ் ஷ்லீமன் தோண்டியபோது தங்க முகமூடிகள் கிடைத்த இடம் இதுதான். டிராய்ப் போரில் கிரேக்கப் படைக்குத் தலைமை தாங்கியதாகப் பழங்கதைகள் கூறும் மைசீனி மன்னன் அகமெம்னானின் பெயரால், அவற்றுள் ஒன்றுக்கு அகமெம்னானின் முகமூடி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, டிராய்ப் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தையது. அசல் முகமூடி ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல். ஆகவே ஏதென்ஸில் முதலில் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

உச்சியில் அரண்மனையின் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆனால் அங்கிருந்து சமவெளி முழுவதும் கடல் வரை தெரிவதைப் பார்த்தால், இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கிழக்குக் கோடியில் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு இறங்கும் படிகள் இருக்கின்றன. எந்த அளவுக்கு இறங்க அனுமதிக்கிறார்களோ அந்த அளவுக்குக் கைவிளக்கோடு, சுவரைப் பிடித்தபடி இறங்குங்கள். படிகள் தேய்ந்து ஈரமாக இருக்கும்.

கோட்டையை விட்டு இறங்கிச் சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நடந்தால் அட்ரியஸ் கருவூலம் வரும். பெயர்தான் கருவூலம், உண்மையில் அது கல்லறை. நுழைவுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அதே சீட்டை இங்கும் கேட்பார்கள். இருபுறமும் வெட்டுக்கல் சுவர் எழும்பிய 36 மீட்டர் நீளப் பாதையில் நடந்து, தலைக்கு மேல் ஏறத்தாழ 120 டன் எடையுள்ள கல் கிடக்கும் வாசலைக் கடந்தால், 13 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தேன்கூட்டு வடிவ மண்டபம். காரை எதுவும் பூசாமல், ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்ளே தள்ளி அடுக்கி உச்சியில் மூடியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தவுடன் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் நில்லுங்கள். பிறகு நடுவில் போய் மெதுவாக ஒரு சொல் சொன்னால் அது சுற்றிவந்து உங்கள் காதிலேயே விழும். வாசலில் ரீங்கரிக்கும் வண்டுகளின் ஓசை கூட உள்ளே பெரிதாகக் கேட்கும். வெயில் ஏறிய பின் குளிரூட்டப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அது கோட்டையை ஒட்டியே இருப்பதால், பேருந்தில் வந்தவர்கள் கருவூலத்துக்குப் போகுமுன்பே அதைப் பார்த்துவிட்டால் திரும்ப ஏற வேண்டியதில்லை.

டிரின்ஸ் கோட்டையைப் பலர் பேருந்து சன்னலில் பார்த்ததோடு விட்டுவிடுகிறார்கள். மைசீனியோடு சேர்ந்து 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த இடத்தில், சுவர்களின் கனம் சில இடங்களில் 8 மீட்டரை எட்டும். ஒற்றைக்கண் அரக்கர்கள்தான் இவற்றைக் கட்டியிருக்க வேண்டும் என்று பிற்காலக் கிரேக்கர்கள் நம்பினார்கள். சுவருக்குள்ளேயே ஓடும் கிழக்கு நடைக்கூடத்தின் கற்கள் இடுப்பளவு உயரம் வரை மெழுகியது போல வழவழப்பாக இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் அங்கே ஒதுங்கிய ஆடுகள் உரசி உரசி வந்த மெருகு அது. அக்கூடம் பாதுகாப்பு வேலைகளுக்காக அடைக்கப்பட்டிருந்தாலும் வெளிச்சுவரைச் சுற்றி நடப்பதே போதும். ஆர்கோஸ் பேருந்து எதுவும் வாசலருகே நிற்கும். கூட்டம் என்பதே இருக்காது. என்னைக் கேட்டால், எப்பிடாரஸில் அரைமணி நேரத்தைக் குறைத்தாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

எப்பிடாரஸ்

பேருந்துச் சீட்டு வாங்கும்போதே கவனம் வேண்டும். எப்பிடாரஸ் என்று சொன்னால் கடலோரத்தில் இருக்கும் பழைய எப்பிடாரஸ் என்ற சிற்றூருக்குச் சீட்டுக் கொடுத்துவிடக் கூடும். அங்கேயும் ஒரு சிறிய பழங்கால அரங்கம் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். நீங்கள் போக வேண்டியது லிகூரியோ ஊருக்கு அருகில் இருக்கும், நோய் தீர்க்கும் கடவுளான அஸ்கிளீப்பியஸின் திருத்தலத்துக்கு. ‘அஸ்கிளிப்பியோ’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். காரில் போகிறவர்கள் வழியில் ஆர்கதிகோ என்ற ஊருக்கு அருகே சாலையோரம் நிற்கும் மைசீனியர் காலத்துக் கல்பாலத்தையும் பார்க்கலாம். கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கட்டப்பட்ட அதன் மேல் இன்றும் நடந்து போக முடியும். சீட்டும் இல்லை, காவலாளியும் இல்லை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட அரங்கத்தில் முதலில் 34 வரிசைகள் இருந்தன. பின்னர் மேலே 21 வரிசைகளைச் சேர்த்தார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 14,000 பேர் அமரலாம். நடுவில் ஒரு நாணயத்தைப் போட்டால் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வது சற்று மிகை. டச்சு ஆய்வாளர்கள் 2017-இல் கருவி வைத்து அளந்தபோது, முணுமுணுப்பு கடைசி வரிசைவரை எட்டவில்லை. ஆனால் உரக்கப் பேசிய குரல் எல்லா வரிசைகளிலும் புரிந்தது. அதுவே பெரிய சாதனைதான். முதலில் உச்சி வரிசைக்கு ஏறி உட்கார்ந்து கீழே மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அதன் பின் இறங்கி வாருங்கள். பலர் அரங்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நோயாளிகள் கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார் என்று நம்பிப் படுத்துறங்கிய மண்டபமும், நிலத்தடியில் வட்டப் புதிர்வழி போன்ற அடித்தளம் கொண்ட கட்டடமும் சற்றுத் தள்ளி மரநிழலில் இருக்கின்றன. குணமானவர்களின் கதைகளைப் பொறித்த கல்வெட்டுகளை அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வந்தே ஆக வேண்டியவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. வெள்ளி, சனி இரவுகளில் இதே அரங்கத்தில் பழைய கிரேக்க நாடகங்கள் நடக்கும். ஆங்கில வசனம் திரையில் ஓடும். நாஃப்பிலியோவிலிருந்து தனிப் பேருந்து விடுவார்கள். குதிகால் உயர்ந்த செருப்புக்கு அனுமதி இல்லை, கல் இருக்கையில் உட்கார ஒரு சிறு மெத்தையும் நள்ளிரவுக் காற்றுக்கு ஒரு மேல்சட்டையும் வேண்டும்.

சாப்பாடும் திரும்புதலும்

சைவம் உண்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி வகைகளை ‘லதேரா’ என்று கேட்டால் காட்டுவார்கள்: அடுப்பில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை, தக்காளியில் வெந்த பீன்ஸ், கத்தரிக்காயும் சுரைக்காய் வகையும் சேர்ந்த பிரியாம். எலுமிச்சைச் சாறு பிழிந்த ‘ஹோர்தா’ என்ற அவித்த கீரையும் பெரும்பாலான உணவகங்களில் கிடைக்கும். அரிசி அடைத்த தக்காளியில் சில இடங்களில் கொத்திறைச்சி சேர்ப்பதால் கேட்டுவிட்டே வாங்குங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வாரங்களில் ‘நிஸ்திசிமா’ என்று கேட்டால் இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேராத உணவு தருவார்கள். ஊர்க்காரர்கள் இரவு 9 மணிக்கு மேல்தான் உண்ண வருவார்கள். ஏழு மணிக்கே போனால் நீங்களும் வெளிநாட்டுப் பயணிகளும்தான் இருப்பீர்கள்.

ஞாயிறு மாலை ஏதென்ஸுக்குத் திரும்பும் பேருந்துகள் நிரம்பிவிடும் என்பதால், அன்று கிளம்புவோர் சீட்டை முந்தைய நாளே வாங்கிவிட வேண்டும். நேராக விமான நிலையம் போகிறவர்கள் கிஃபிஸோஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே புறப்படும் எக்ஸ்93 நகரப் பேருந்தில் ஏறலாம். நகர நெரிசலையும் கணக்கில் கொண்டு, நாஃப்பிலியோவிலிருந்து விமானம் புறப்படும் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பாகவே கிளம்பிவிடுங்கள்.